பள்ளிக்கு ஒரு நிறைகோல்

மே மாதம் பிறந்துவிட்டால் மயிலாப்பூர்த் தெருக்களில் ஒரு புதிய திருவிழா தொடங்கிவிடுகிறது. லஸ் முனையிலிருந்து மந்தைவெளி நோக்கி நடப்பவர், பள்ளி மதிற்சுவர்களில் கட்டப்பெற்ற பதாகைகளைக் காணாது கடந்து செல்லுதல் இயலாது. ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’, ‘கணிதத்தில் நூறு பெற்றோர் இத்தனை பேர்’ என்னும் முழக்கங்களும், மாணவச் செல்வங்களின் ஒளிப்படங்களும் வண்ணம் வண்ணமாகத் தொங்கும். மாநகராட்சி உயர்நிலைப்பள்ளியின் மதில் மட்டும் பெரும்பாலும் வெறுமையாக நிற்கும். அதன் தேர்ச்சி விழுக்காடு எண்பதோ எண்பத்தைந்தோ எனச் செவிவழிச் செய்தியாகப் பரவும். அவ்வளவே. அப்பள்ளியின் தரம் அன்றே முடிவுகட்டப்பட்டுவிடுகிறது.

இவ்வாறு முடிவு கட்டுவோருள் நம் சமுதாயப் பெரியவர்களும் உளர் என்பதாலேயே இதனை இம்மலரில் எழுதத் துணிந்தேன். ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளிவருகையில், “பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் பாய்?” என்று கேட்கும் தந்தைக்கு நாம் சொல்லும் ஒரு சொல், அப்பிள்ளையின் ஏழாண்டுக் கல்வியைத் திசைதிருப்பிவிடுகிறது. “கார்ப்பரேஷன் பள்ளியா? வேண்டாம்” என்று ஒரு பெரியவர் சொன்னால், அத்தந்தை மனைவியின் வளையலை அடகு வைத்தேனும் தனியார் பள்ளியின் வாயிலில் போய் நிற்கிறார்.

அச்சொல்லின் விலை இன்று முன்னினும் மிகுதி. அரசுப் பள்ளிகளில் பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு முன்னுரிமை இடம் தரும் சட்டம் 2020ஆம் ஆண்டில் தமிழகத்தில் இயற்றப்பெற்றது. பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் 2021இல் அது விரிவாக்கப்பெற்றது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருத்தல் வேண்டும் என்பது அதன் பொது விதி. மாநகராட்சிப் பள்ளியும் இதில் அடங்கும். உயர்கல்வி பயிலும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்க 2022இல் தொடங்கப்பெற்ற புதுமைப்பெண் திட்டமும் இவ்வகை விதியோடேயே தொடங்கிற்று. ஒன்பதாம் வகுப்பில் அவசரப்பட்டுப் பள்ளி மாற்றப்பட்ட பிள்ளை, தான் எதனை இழந்தது என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பின்னரே அறிகிறது. பள்ளி உண்மையிலேயே தரங்கெட்டதாயின் இந்த இழப்பை ஏற்கலாம். தரம் அறியாமலே இழப்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

தேர்ச்சி விழுக்காடு என்னும் எண்ணைச் சற்றே பிரித்துப் பார்ப்போம். ஒரு கணக்கிற்காக இரு பள்ளிகளைக் கற்பனை செய்துகொள்ளலாம். இரண்டிலும் ஒன்பதாம் வகுப்பில் 60 பேர். முதற்பள்ளி, தேறமாட்டார் என்று ஐயுற்ற 12 பேரை ஒன்பதாம் வகுப்பிலேயே தேக்கியோ, மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பியோ விடுகிறது. எஞ்சிய 48 பேரும் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதித் தேறுகின்றனர். பதாகையில் நூறு விழுக்காடு! இரண்டாம் பள்ளி 58 பேரைத் தேர்வெழுத அனுப்ப, 50 பேர் தேறுகின்றனர். விழுக்காடு 86. ஆயின், நுழைந்த 60 பேருள் கரையேறியவர் முதற்பள்ளியில் 48 பேர். இரண்டாவதில் 50 பேர். கூடுதலான பிள்ளைகளைக் கரைசேர்த்த பள்ளியே தாழ்ந்த பள்ளி எனப் பெயர் வாங்குகிறது. எட்டாம் வகுப்பு வரை எவரையும் தேக்கக் கூடாது என்னும் நெறி தமிழகத்தில் நிலவுவதால், வடிகட்டும் வேலை ஒன்பதாம் வகுப்பில்தான் நடைபெறும் என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்போர் அறிவர். வடிகட்டியபின் எஞ்சியதை எண்ணிக் காட்டுவது எளிது.

இன்னுமொரு சான்று. பெருந்தொற்றுக் காலத்தில், 2020இலும் 2021இலும், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு இல்லாமலே அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டனர். அஃதாவது, தமிழகத்துப் பள்ளிகள் யாவும் நூறு விழுக்காடு பெற்ற ஆண்டுகள், பள்ளிக் கதவுகள் மூடிக்கிடந்த ஆண்டுகளே! அந்த இழப்பை ஈடுசெய்ய 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’யும் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் தேவைப்பட்டன என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பவணந்தியார் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை எண்வகையாகப் பகுத்துக் காட்டுவார். அன்னமும் ஆவும் தலை. மண்ணும் கிளியும் இடை. இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியன கடை. நுழைவுத் தேர்வும் பெற்றோர் நேர்காணலும் வைத்து அன்னங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்ட பள்ளி, பாலையும் நீரையும் பிரிக்கக் கற்பித்தது தானே என்று பெருமை பேசினால் அதனை எவ்வாறு ஒப்புவது? மாநகராட்சிப் பள்ளியின் வாயிலில் வடிகட்டி இல்லை. இல்லிக்குடமும் வரும், எருமையும் வரும், வந்ததை வைத்துக்கொண்டுதான் அது ஆண்டு முழுதும் மாரடிக்க வேண்டும். நல்லாசிரியர்க்கு நிறைகோலை உவமை கூறிய அந்நூலே, ஆசிரியர் ஆகாதாரை முடத்தெங்கிற்கு ஒப்பிடும். ஓரிடத்து நீருண்டு, வளைந்து சாய்ந்து அடுத்தவர் மனையில் காய் உதிர்க்கும் தென்னை அது. இக்காலத்தில் தனிப்பயிற்சி நிலையத்திற்கும் வீட்டாசிரியருக்கும் பணத்தை நீராக இறைப்பவர் பெற்றோர். காயோ பள்ளிப் பதாகையில் விழுகிறது. இந்த உவமையைப் பவணந்தியார் பொறுத்தருள்வாராக.

இந்நோய் நம் காலத்திற்கு மட்டும் உரியதன்று. 1862ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், ஆய்வாளர் வந்து பிள்ளைகளைச் சோதித்துத் தேறியோர் தொகைக்கேற்ப மானியம் வழங்கும் முறை கொண்டுவரப்பட்டது. கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மாத்யூ ஆர்னால்டு, அது கற்பித்தலை இயந்திரத் தொழிலாக்கிவிடும் என்று எதிர்த்தார். அவ்வகை மானியம் சென்னை மாகாணத்திலும் நடப்பில் இருந்தது. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் குழு அதனை ஆராய்ந்தது. பின்னர் 1992 முதல் அதே இங்கிலாந்தில் பள்ளிகளின் தேர்வு முடிவுப் பட்டியல்கள் வெளியாயின. தொடக்கப்பள்ளி முடிக்கையில் பிள்ளை இருந்த நிலையிலிருந்து எவ்வளவு முன்னேறியது எனக் கணக்கிடும் அளவை அங்கு 2016இல் சேர்க்கப்பெற்றது. பள்ளி முழுமைக்கும் ஒற்றைச் சொல்லால் தீர்ப்பெழுதும் வழக்கமும் 2024 செப்டம்பரில் கைவிடப்பட்டது. நம் மாநிலமும் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் நிறுத்திற்று. பதினோராம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திற்குத் தாவும் பள்ளிகளைக் கட்டுப்படுத்த, அவ்வகுப்பிற்கும் பொதுத்தேர்வு வைக்க வேண்டிய நிலை அதே ஆண்டில் ஏற்பட்டது. பட்டியல் போனது, பதாகை போகவில்லை.

மயிலாப்பூரையே எடுத்துக்கொள்வோம். சாந்தோம் மேல்நிலைப்பள்ளி, லேடி சிவசாமி ஐயர் பெண்கள் மேல்நிலைப்பள்ளி, 1956இல் தோன்றிய வித்யா மந்திர் எனப் பெயர்பெற்ற கல்விக்கூடங்கள் ஓரிரு கல் தொலைவிற்குள் நிறைந்த பகுதி இது. இத்தனைக்கும் நடுவில் மாநகராட்சிப் பள்ளிக்கு வருவோர் யாவர்? கடலோரக் குப்பங்களின் பிள்ளைகள். வீட்டுவேலை செய்யும் தாய்மாரின் பிள்ளைகள். தானி ஓட்டுநர், தையற்காரர், தள்ளுவண்டி வணிகர் இவர்தம் பிள்ளைகள். வடநாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்தோரின் பிள்ளைகள். 2022ஆம் ஆண்டு மே மாதத்தில், பொதுத்தேர்வுகள் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், அருகிலுள்ள இராசா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய் ஓரத்துக் குடியிருப்புகள் நீதிமன்ற ஆணையின் பேரில் இடிக்கப்பட்டன. அத்துயரில் ஒருவர் தீக்குளித்து உயிர்நீத்ததை நாளேடுகளில் படித்தோம். இத்தகைய குடும்பங்களுக்குப் பெரும்பாலும் மாற்றுக் குடியிருப்பு கிடைக்கும் இடம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெரும்பாக்கம் போன்ற பகுதி. இத்தகைய ஆண்டில் ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பெயர்கள் குறைந்தால் அதற்குத் தலைமையாசிரியரையா பொறுப்பாக்குவது? ஒரு பிள்ளை இரண்டு பேருந்து மாறி வந்து தேர்வெழுதி 210 மதிப்பெண் பெற்றிருந்தால், அந்த 210இல் பள்ளியின் பங்கு எவ்வளவு என்பதைச் சொல்லும் பதாகை எங்கும் இல்லை.

இவ்வளவு கூறியதால் மாநகராட்சிப் பள்ளிகள் யாவும் நன்று என்று நான் வழக்காடுவதாக எவரும் கொள்ள வேண்டா. வறியோர் பிள்ளைகள் படிக்கும் இடம் என்பதற்காகக் குறைகளைப் பொறுத்துப் போவது அப்பிள்ளைகளுக்கே செய்யும் தீங்கு. கணித ஆசிரியர் பணியிடம் அரையாண்டு காலியாகக் கிடந்தால், எட்டாண்டு பயின்ற பிள்ளை நாளேட்டின் தலைப்பைக்கூட எழுத்துக்கூட்டிப் படித்தால், பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் இல்லையாயின், அப்பள்ளி தரங்குறைந்ததே. அதனை உரக்கச் சொல்ல வேண்டும். ஆனால் நேரிற் கண்டு சொல்ல வேண்டும்.

எதனைக் காண்பது? முதலில் சேர்க்கை–நீக்கல் பதிவேடு. ஐந்தாண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தோர் எத்தனை பேர், அவருள் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதியோர் எத்தனை பேர், இடையில் நின்றோர் எங்குச் சென்றனர்? ஊர் மாறினரா, பட்டறைக்குப் போயினரா, மணமுடித்துக் கொடுக்கப்பட்டனரா? கடைசி வினா நம் பெண்மக்களைப் பொறுத்தது என்பதால் அழுத்திக் கூறுகிறேன். நூலக அலமாரியின் பூட்டையும் பாருங்கள். துருப்பிடித்த பூட்டு நிறையப் பேசும்.

அதன்பின், தமிழாசிரியன் என்ற முறையில் நான் முதலில் கேட்பது ஒன்பதாம் வகுப்பின் கட்டுரை ஏடுகளை. பத்தாம் வகுப்பு வேண்டா. அது தேர்வுக்கென்று ஒப்பனை செய்யப்பட்ட வகுப்பு. நாற்பது ஏடுகளையும் பரப்பி வைத்து, ஒரே தலைப்பிலான கட்டுரையை எடுத்துப் படியுங்கள். நாற்பதிலும் ஒரே முன்னுரை, ஒரே உட்தலைப்பு, ஒரே முடிவுரை இருப்பின் அங்கு நடந்தது படியெடுத்தல். எழுதியது கரும்பலகையிலிருந்தா, உரைநூலிலிருந்தா என்பது மட்டுமே வேறுபாடு. சில ஏடுகளில் பக்கத்திற்கு ஒரு சிவப்புக் கோடு மட்டும் மேலிருந்து கீழாக ஓடும். ஆசிரியர் கையொப்பமிட்டார், படிக்கவில்லை என்று பொருள். மூன்றாம் வகை ஏடு அரிது. அதில் றகர ரகர மயக்கம் இருக்கும். ளகரமும் ழகரமும் இடம் மாறியிருக்கும். ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகாது. ஆனால் ஒவ்வொரு பிழையின் மேலும் ஆசிரியரின் திருத்தம் இருக்கும். அடுத்த கட்டுரையில் அப்பிழைகளுள் பாதி மறைந்திருக்கும். பிள்ளை தன் தெருவை, தன் தந்தையின் தொழிலை, மழையில் வீடு ஒழுகியதைத் தன் சொற்களில் எழுதியிருக்கும். அத்தகைய ஏடுகள் பத்துக் கிடைத்தாலும் அப்பள்ளியில் கல்வி நடைபெறுகிறது என்று துணிந்து கூறலாம்.

இவ்வாறு கூறுவதற்கு என் வகுப்பறையே அடிப்படை. முதலாண்டு மாணவரிடம், தாம் வாழும் தெருவைப் பற்றி ஒரு பக்கம் எழுதுமாறு ஆண்டுதோறும் பணிப்பேன். தமிழில் தொண்ணூற்றைந்துக்கு மேல் பெற்று வந்தோருள் சிலர், மனப்பாடம் செய்த கட்டுரை எதுவும் அத்தலைப்பிற்குப் பொருந்தாமையால் திகைத்து அமர்ந்திருப்பர். அறுபது பெற்றுவந்த மாநகராட்சிப் பள்ளி மாணவர் ஒருவர், பிழைகள் மலிந்தனவாயினும் இரண்டு பக்கம் எழுதித் தருவார். மறுதலையாகவும் நிகழ்வதுண்டு; மதிப்பெண்ணும் இன்றி மொழியும் இன்றி வருவோரும் உளர். எப்பள்ளி எத்தகையது என்பதை மதிப்பெண் பட்டியலைவிட அந்த ஒரு பக்கம் எனக்குத் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

நம் அறக்கட்டளைகளும் ஜமாஅத்துகளும் ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா நடத்துகின்றன. முதல் மதிப்பெண்ணுக்குப் பரிசு, இரண்டாவதற்குப் பரிசு, நூறு வாங்கியவர்க்குத் தனிப் பரிசு. நன்று, தொடரட்டும். ஆறாம் வகுப்பில் எழுத்தறியாது வந்து பத்தாம் வகுப்பில் தேறிய பிள்ளைக்கு ஒரு பரிசும், அப்பிள்ளையை எழுத்தறிவித்த ஆசிரியர்க்கு ஒரு பொன்னாடையும் அதே மேடையில் வழங்கினால் என்ன? செலவு மிகுதியாகாது. அப்பிள்ளையைக் கண்டறிவதற்காகவேனும் நாம் பள்ளிக்குள் நுழைய வேண்டியிருக்கும்.

நுழைவதற்கு வழியும் உண்டு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடத்தைப் பெற்றோர்க்கு அளித்துள்ளது. பெண்கள் பாதிப்பேர் இருத்தல் வேண்டும். தமிழகத்தில் இக்குழுக்கள் 2022இல் மறுசீரமைக்கப்பெற்றன. நம் மஹல்லாவைச் சேர்ந்த தாய்மார் எத்தனை பேர் அருகிலுள்ள பள்ளியின் குழுவில் இருக்கின்றனர் என்பதை ஜமாஅத்துச் செயலாளர்கள் கேட்டறிந்து ஓர் ஏட்டில் குறித்து வைக்கலாம். மயிலாப்பூர்க் கச்சேரி சாலைப் பள்ளிவாசலிலிருந்து இப்பள்ளிகளுக்கு நடந்தே செல்லலாம். பதிவேடுகளையும் ஏடுகளையும் காண முன்கூட்டித் தலைமையாசிரியரின் இசைவு பெற வேண்டும். காலை இறைவணக்கக் கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னர் சென்றால் அவரை வாயிலிலேயே காணலாம். தாமதமாக வரும் பிள்ளைகளுக்காக அவர் அங்குதான் நிற்பார்.