நிலமும் பொழுதும் அறியாத மலையேற்றம்

கடையநல்லூரில் குடியிருப்போருக்கு மேற்குத் திசை என்பது மலைதான். காலையில் மொட்டைமாடியில் துணி உலர்த்தச் சென்றாலும் மலை தெரியும். மாலையில் கல்லூரி விட்டுத் திரும்பும்போதும் மலை தெரியும். ஆனி பிறந்துவிட்டால் அதன் உச்சியில் மேகம் கவிந்துகொள்ளும். செங்கோட்டைக் கணவாய் வழியே சாரல் புகுந்து நம் தெருவரை வந்து முகத்தில் தெளிக்கும். குற்றாலத்துக்குச் செல்லும் வண்டிகள் ஊரைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும்.

குளிக்க வரும் அக்கூட்டத்தோடு, அண்மை ஆண்டுகளாக வேறொரு கூட்டத்தையும் காண்கிறோம். முதுகில் பளபளக்கும் பை, காலில் தடித்த காலணி, கையில் மடக்குக் கோல். மலையேற்றம் இன்று இளைஞரின் விருப்பமாகியிருக்கிறது. நம் மாணவர்களும் விலக்கில்லை. “ஐயா, ஒருநாள் மலைக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று கேட்பவர்கள், இசைவு கிடைத்த மறுகணமே கேட்கும் அடுத்த கேள்வி, “என்ன ஷூ வாங்கலாம்?” என்பதாகவே இருக்கிறது. தவறான கேள்வி என்று சொல்லமாட்டோம். அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி என்பதே நம் கருத்து. முதற்கேள்வி எதுவென்பதைத் தமிழ் படித்த நாமே மறந்துவிட்டோமோ என்ற ஐயத்தில் இதனை எழுதுகிறோம்.

பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாத்தை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். நன்னனைப் பாடிப் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லும் அந்நூலின் 583 அடிகளுள், மலைவழியின் இடர்களை எடுத்துரைக்கும் பகுதி தனித்துப் பயிலத்தக்கது. பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள இடத்தில் விடிந்தபின் செல்லுங்கள். பாம்பு உறையும் குழிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு மரங்களின் பின்னே மறைந்து செல்லுங்கள். வழுக்கும் துறைகளில் கொடிகளைப் பற்றிக்கொள்ளுங்கள். இருட்டிவிட்டால் குகையில் தங்குங்கள். வழி தவறினால் கருவிகளை இயக்குங்கள், ஒலி கேட்டுக் கானவர் வருவர் என்றெல்லாம் அந்நூல் அறிவுறுத்துகிறது. உரையாசிரியர்கள் துணையோடு சொற்பொருள் கூறி, மனப்பாடப் பகுதி குறித்து, வினாத்தாளில் ஐந்து மதிப்பெண் கொடுத்து முடித்துவிடுகிறோம். மலைக்குச் செல்வோர்க்கு மலையை அறிந்த ஒருவன் முன்கூட்டிச் சொல்லும் ஆயத்தம் அது என்று ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். ஏனைய கருப்பொருளும் உரிப்பொருளும் அவற்றின்பின் வருவன. இவ்வைப்புமுறை பாட்டுக்கு மட்டும் உரியதாக நமக்குத் தோன்றவில்லை. மலைக்குப் போகிறவன் கேட்க வேண்டிய முதற்கேள்வியும் அதுவே: எந்த நிலம், எந்தப் பொழுது? உடையும் காலணியும் உணவும் இதற்கான விடையிலிருந்தே பிறக்கின்றன. குறிஞ்சியும் முல்லையும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதை கூறுவதை நினைவுகொள்க. ஒரே மலை ஐப்பசியில் ஒரு நிலம்; பங்குனியில் வேறொரு நிலம்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் போடி அருகே குரங்கணி மலையில் நேர்ந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் மலைநடைக்கு வந்திருந்த இரு குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாண்டோரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அவர்களுள் மலைநடையில் பழகியோரும் இருந்தனர். ஆயினும் அந்நிகழ்வு நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. மாசி, பங்குனியில் காய்ந்து நிற்கும் போதைப்புல் ஒரு பொறிக்குக் காத்திருப்பது. தீ சமதளத்தைக் காட்டிலும் சரிவில் மேல்நோக்கி விரைந்து பரவும். சரிவு பத்துப் பாகை கூடுந்தோறும் அதன் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் கணக்கு. மேலே ஓடித் தப்புவது அரிது. புல்லில்லாப் பாறையோ ஏற்கெனவே எரிந்து கருகிய தரையோதான் புகலிடம். கடையில் வாங்கும் எந்தப் பொருளும் இந்த அறிவுக்கு ஈடாகாது.

உடையையே எடுத்துக்கொள்வோம். மலையேற்றத்துக்குப் பருத்தி ஆகாது, விரைவில் உலரும் செயற்கை இழையே தக்கது என்று கடைக்காரரும் காணொளிகளும் ஒருமித்துச் சொல்கின்றனர். ஆடிச் சாரலில் அது முற்றிலும் உண்மை. நனைந்த பருத்தி உடலோடு ஒட்டிக்கொண்டு வெப்பத்தை உறிஞ்சி நடுக்கத்தைத் தரும். ஆனால் தீப்பருவத்துக் காய்ந்த புல்வெளியில் அதே செயற்கை இழை உருகித் தோலோடு ஒட்டும், பருத்தி உருகாது. ஆகவே நல்ல உடை என்று தனியே ஒன்று இல்லை. இந்த நிலத்துக்கும் இந்தப் பொழுதுக்கும் நல்ல உடை என்றுதான் உண்டு.

தண்ணீரும் அப்படியே. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பெருகிய வெள்ளத்தில் பள்ளி மாணவர் ஒருவர் உயிரிழந்தார். சீசன் தொடங்கியிராத நாள் அது. மேலே மலையில் பெய்யும் மழை, கீழே குளிப்பவன் தலைக்குமேல் பெய்ய வேண்டும் என்ற கட்டாயமில்லை. நீரின் நிறம் மாறிக் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, அருவியின் ஓசை கனப்பது ஆகியவற்றை இவ்வூர்ப் பெரியவர்கள் அறிவார்கள். அவ்வறிவு அவர்களோடு போய்விடாமல் இருக்க நாம் என்ன செய்திருக்கிறோம்?

இனி உடலைப் பற்றி. நம் ஊர் வழியே செங்கோட்டை கடந்து ஐயப்பன்மலைக்குச் செல்வோர் முன்பெல்லாம் ஒரு மண்டலம் விரதம் காத்தனர். பக்தி ஒருபுறமிருக்க, அந்த 41 நாட்களில் உடலுக்கு நிகழ்ந்ததைக் கருதிப் பாருங்கள். வைகறையில் எழுந்து குளிர்நீரில் குளியல், மதுவும் புகையும் இல்லை, எளிய உணவு, செருப்பில்லா நடை. உள்ளங்கால் தடிக்கும், மூச்சு சீராகும். உடலை மலைக்குப் பழக்கும் முறை ஒன்று விரதத்துக்குள் இருந்தது. இன்று முதல்நாள் மாலையிட்டு மறுநாள் வண்டியேறுவோர் பலர். கோவையின் வெள்ளியங்கிரியில் 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் மலையேறியவர்களுள் சிலர் மூச்சுத்திணறலாலும் நெஞ்சடைப்பாலும் இறந்த செய்திகளைப் படித்தபோது, சுருங்கிப்போன அந்த மண்டலமே நம் நினைவுக்கு வந்தது.

மலைக்கு உடலைப் பழக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நமக்குப் பக்கத்திலேயே பண்பொழித் திருமலைக் கோயிலின் 600-க்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், முதலில் வெறுங்கையோடும் பின்னர் இரண்டு மூன்று கிலோ சுமையோடும் ஏறி இறங்கினால் போதும். இறங்குவதை விட்டுவிடக் கூடாது. ஏறும்போது மூச்சு வாங்கும். அது எல்லோர்க்கும் தெரியும். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்குகிறது. மறுநாள் எழ முடியாதபடி வலிப்பதும், அந்திநேரத்தில் கால் துவண்டு சறுக்குவதும் அதனால்தான். வெயிலுக்கு உடல் பழகவும் 10 முதல் 14 நாள் ஆகும். குளிரூட்டிய அறையிலிருந்து எழுந்து நேரே மலைக்கு வருபவனுக்கு அந்த நாட்கள் கிடைப்பதில்லை. புதுக் காலணியை மலையில் முதன்முதலாக அணிவதும் அத்தகைய பிழையே. அரையளவு பெரியதாக வாங்கி, இரு வாரம் தெருவில் நடந்து பழக்கி, கால்நகத்தை ஒட்ட வெட்டி, பின்னரே மலைக்கு எடுத்துச்செல்ல வேண்டும்.

இவ்வளவும் சொல்லும் தகுதி நமக்குப் பிழையால் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில், உரிய அனுமதி பெற்று, மாணவ மாணவியர் இருபதின்மரை மலையடிவாரக் காட்டுக்கு அழைத்துச் சென்றோம். பட்டியல் எழுதிச் சரிபார்த்திருந்தோம்: தொப்பி, விளக்கு, கயிறு, முதலுதவிப் பெட்டி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஒரு மாணவன் துபாயிலிருந்து அவன் அண்ணன் அனுப்பிய புதுக் காலணியோடு வந்து, மூன்றாவது கிலோமீட்டரில் இரு குதிகாலும் கொப்பளித்து நொண்டினான். அது சிறிய துன்பம். பதினொரு மணியளவில் மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். உதடு வறண்டிருந்தது, பேச்சுக் குழறிற்று. அவள் பையில் இரண்டு லிட்டர் தண்ணீரும் அப்படியே இருந்தது.

உடன் வந்த வனக்காவலர் அவளை நிழலுக்குக் கொண்டுசென்று, பாதத்தை உயர்த்திக் கிடத்தி, கழுத்திலும் கையிலும் நீர் தெளித்து, தெளிந்தபின் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகப் புகட்டினார். பிறகு நம்மிடம் தணிந்த குரலில், “இந்தப் பிள்ள காலையில இருந்து தண்ணி குடிச்சாளான்னு கேட்டீயளா சார்?” என்றார்.

நாம் கேட்கவில்லை. அவள் முதல்நாள் இரவிலிருந்தே குடிக்கவில்லை. ஒதுங்க இடமிருக்காது, ஆண்கள் உடன் வருகிறார்கள், கேட்க வெட்கம் என்பதே காரணம். அன்று வந்த மாணவியர் அனைவரும் அப்படியே செய்திருந்தனர் என்பதும் பின்னர்தான் தெரிந்தது. பட்டியலில் கயிறு இருந்தது. இருபது மாணவரில் பாதிப்பேரின் உடலைப் பற்றிய நினைப்பு இல்லை. அன்றே திரும்பிவிட்டோம். அவள் நலமடைந்தாள். ஆனால் அவள் தந்தை மாலையில் கல்லூரி வாயிலில் நின்று நம்மை ஒன்றும் கேளாமல் கைகூப்பிவிட்டு மகளை அழைத்துச் சென்ற காட்சி இன்றும் உறுத்துகிறது. அவர் கேட்டிருந்தால் நம்மிடம் விடையில்லை.

‘இவ்வளவு எச்சரிக்கையோடு போவதற்குப் பெயர் சாகசமா?’ என்று வினவும் இளைஞர்கள் உண்டு. அவர்கள் வேட்கையை நாம் மதிக்கிறோம். ஆனால் ஆயத்தமின்றிப் போகிறவன் தன் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை. அவனைத் தேடி இருட்டில் ஏறும் வனக்காவலரின் உயிரையும் சேர்த்து வைக்கிறான். ‘அந்தக் காவலர் ரப்பர்ச் செருப்போடுதானே ஏறுகிறார், எனக்கு மட்டும் ஏன் இத்தனை உபகரணம்?’ என்று கேட்போரும் உண்டு. அவர் கால் பல்லாண்டு அந்த மலையில் பழகியது என்பது ஒரு விடை. மற்றொரு விடை நமக்குச் சங்கடமானது. அவர் அச்செருப்பை விரும்பி அணியவில்லை. நம் காலணிக்கு ஐயாயிரம் ரூபாய் செலவிடும்போது, நமக்கு வழிகாட்டுபவரின் காலைப் பற்றியும் எண்ணுவது ஆயத்தத்தின் பகுதி ஆகாதா?

குரங்கணிக்குப்பின் 2018-இலேயே அரசு மலையேற்றத்துக்கு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் நாற்பது வழித்தடங்களை இணையப் பதிவின்வழித் திறந்து, உள்ளூர் மக்களை வழிகாட்டிகளாகவும் அமர்த்தியது. தீப்பருவத்தில் அவை மூடப்படுவதும் நன்று. ஆனால் அனுமதிச்சீட்டு ஒருவனுக்கு வழியைத் திறந்துவிடலாம். அவன் தொடைக்கு வலுவைத் தராது. அதனைக் கற்பிக்க வேண்டிய இடம் பள்ளியும் கல்லூரியும். மாணவரை மலைக்கு அழைத்துச்செல்லும் எந்தக் கல்லூரியும் ஆறு வாரப் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும். ஆசிரியைகள் உடன் வர வேண்டும். ஒதுங்கும் இடமும் நேரமும் வழித்திட்டத்திலேயே குறிக்கப்பட வேண்டும். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பது புறப்படுமுன் முடிவாக வேண்டும். உச்சி கண்ணெதிரே இருந்தாலும் அந்நேரத்தில் திரும்பியாக வேண்டும். வழிகாட்டி ‘போதும்’ என்றால் அதன்மேல் ஆசிரியருக்கும் சொல்லில்லை.

இப்போதெல்லாம் மலைபடுகடாம் நடத்தும்போது அந்த இடர்ப்பகுதிக்கு ஒரு வகுப்பைக் கூடுதலாக ஒதுக்குகிறோம். இந்த மலைக்கு, இந்த மாதத்தில் நீங்கள் ஓர் ஆற்றுப்படை எழுதுவதானால் என்னென்ன சொல்வீர்கள் என்று மாணவரைக் கேட்கிறோம். சென்ற முறை, பெயர் எழுதாத ஒரு தாளில் முதல் வரியாக இருந்தது இது: “கூட வருகிற பெண்பிள்ளைகள் தண்ணீர் குடித்தார்களா என்று கேளுங்கள்.” முழு மதிப்பெண் இட்டோம்.