காலையில் சிரப், மதியம் ஜுரம்

ஐப்பசி மழை ஆரம்பிச்சாச்சு. கூடவே வீட்டுக்கு வீடு இருமல். டில்லிப் பக்கம் ஆடி, ஆவணி மழையில ஃப்ளூ உச்சத்துக்குப் போகும். நம்ம சென்னைக்கு வடகிழக்குப் பருவமழையோட, அக்டோபர் நவம்பர்ல வரும். வருஷா வருஷம் இதே சமயத்துலதான் வருது. அப்புறமும் ஏங்க இப்படி முழிக்கிறோம்?

எங்க தெருவில தினமும் பாக்கறேன். காலை ஏழரைக்குப் பிள்ளைக்கு நெத்தி கொதிக்குது. அளவு மூடியில பாராசிட்டமால் சிரப்பை ஊத்திப் புகட்டி, வேன்ல ஏத்தி விடறாங்க. அது எத்தனை நேரம் தாங்கும்? நாலு மணி நேரம், மிஞ்சிப்போனா ஆறு. லஞ்ச் பெல் அடிக்கும்போது ஜுரம் திரும்ப ஏறுது. அதுக்குள்ள அந்த பெஞ்சு முழுக்கப் பரவியாச்சு.

அந்த அம்மாவைத் திட்ட எனக்கு மனசு வரலை. ஆபீஸ்ல லீவ் கிடையாது. ஒரு நாள்கூட லீவ் எடுக்காத பிள்ளைக்கு ஆண்டுவிழா மேடையில பரிசு. ரெண்டு நாள் வீட்டுல வெச்சிருந்தா மெடிக்கல் சர்டிஃபிகேட் கேக்கறாங்க. அந்த ஒரு பேப்பருக்காக ஜுரப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு, இருமறவங்க நடுவுல ராத்திரி ஒன்பது மணி வரை டோக்கனோட காத்துக் கிடக்கணும். உடம்பு சரியில்லேன்னு படுத்துக்கறதுக்குக்கூட ஒருத்தர்கிட்ட கையெழுத்து வாங்கணும்னா, என்ன நியாயம் இது?

அடுத்தது மருந்துக்கடை. "ஜுரத்துக்கு மூணு நாளைக்குக் குடுங்கண்ணா"ன்னா போதும், சின்னக் கவர்ல அஸித்ரோமைசின் வந்துடும். வைரஸை ஆன்டிபயாடிக் ஒண்ணுமே பண்ணாதுங்க! 2023 மார்ச்சுல இந்திய மருத்துவச் சங்கம் டாக்டர்களுக்கே இதை எடுத்துச் சொல்ல வேண்டியதாப் போச்சு. ஜுரம் மூணு நாள்ல விடும், இருமல் மூணு வாரம் வரை இழுக்கும்னும் சொன்னாங்க. யார் காதுல விழுந்தது?

மூக்கு ஒழுகறதோட நிக்கற சளி வேற. திடீர்னு ஜுரம் ஏறி, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிச்சா, அது ஃப்ளூவா இருக்கலாம். அதுக்கு ஓசல்டாமிவிர்னு மருந்து இருக்கு. டாக்டர் எழுதணும், 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்லா கேக்கும். சர்க்கரை, ஆஸ்துமா இருக்கறவங்க, கர்ப்பிணிங்க எல்லாம் அந்த ரெண்டு நாளைக் கஷாயத்துல ஓட்டிட்டு, மூச்சு வாங்கினப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓடறாங்க. எங்கம்மாவுக்கும் சர்க்கரைதான். போன நவம்பர்ல பள்ளிக்கூடம் போன பேரன் வழியா வந்த ஜுரம், அவங்களை ஐ.சி.யூ. வரை கொண்டு போயிடுச்சு. எனக்கு இன்னும் ஆறலை.

ஊசி? "அதான் கொரோனாவுக்கே போட்டாச்சே"ங்கறாங்க. அது வேற வைரஸ், இது வேற. ஃப்ளூ உருமாறிக்கிட்டே இருக்கும். அதனால ஊசியும் வருஷா வருஷம் போடணும். போட்டு ரெண்டு வாரம் ஆனாத்தான் பாதுகாப்பு. அப்போ மழைக்கு முன்னாடி, செப்டம்பர்லயே போட்டுக்கணும். ஆனா தேசிய தடுப்பூசி அட்டவணையில இது இல்லை. தனியார்ல ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல. பாட்டி, தாத்தா, ரெண்டு பிள்ளைங்க இருக்கற வீட்டுல யாருக்குப் போட்டு யாரை விடறது?

மருந்து குடுக்காமலே ஒரு முழு நாள் ஜுரம் இல்லாம இருந்தாத்தான் பிள்ளையை அனுப்பணும். எங்க வீட்டுப் பையனோட ஸ்கூல் டைரியைப் புரட்டிப் பார்த்தேன், அப்படி ஒரு வரி இல்லை. லேட்டா வந்தா எவ்வளவு ஃபைன்னு முதல் பக்கத்துலயே இருக்கு.