பட்டியல் வைத்திருப்பவர்கள்

2011 மே 2 அன்று கனடாவில் நாடாளுமன்றத் தேர்தல். ஒன்டாரியோ மாகாணத்தின் குவெல்ஃப் தொகுதியில் காலையிலேயே ஆயிரக்கணக்கான வீடுகளில் தொலைபேசி மணி அடித்தது. தேர்தல் ஆணையத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன பதிவுக் குரல் ஒன்று, உங்கள் வாக்குச்சாவடி வேறு இடத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது என்றது. பச்சைப் பொய். அழைப்புகளின் பின்னால் இருந்த ப்ரீபெய்ட் செல்பேசியைத் தேடிப்போனால், அது 'பியர் பூட்டின்' என்ற பெயரில் பதிவாகியிருந்தது. பூட்டின் என்பது உருளைக்கிழங்கு வறுவலின் மேல் பாலாடைக்கட்டியும் குழம்பும் ஊற்றித் தரும் கியூபெக் தின்பண்டம். நம்மூரில் ஒருவர் 'முனியாண்டி பரோட்டா' என்று பெயர் கொடுத்து சிம் கார்டு வாங்கியது மாதிரி.

மூன்று ஆண்டு கழித்து ஒரே ஒருவர் தண்டிக்கப்பட்டார். மைக்கேல் சோனா, கன்சர்வேட்டிவ் வேட்பாளரின் பிரச்சாரத்தில் செய்தித் தொடர்பைக் கவனித்த இளைஞர். ஒன்பது மாதச் சிறை. இதை அவர் தனியாகச் செய்திருக்க வாய்ப்பில்லை என்பது நீதிபதிக்கே தெரிந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, வேறு ஆறு தொகுதிகளின் முடிவை எதிர்த்த வழக்கில் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி ரிச்சர்ட் மோஸ்லி தீர்ப்பளித்திருந்தார்: மோசடி நடந்தது உண்மை, அழைப்புக்கான விவரங்கள் பெரும்பாலும் கன்சர்வேட்டிவ் கட்சியின் வாக்காளர் தரவுத்தளத்திலிருந்தே வந்திருக்க வேண்டும், ஆனால் கட்சியோ வேட்பாளர்களோ நேரடியாக ஈடுபட்டதாக நிரூபணமில்லை. ஆறு முடிவுகளும் அப்படியே நின்றன.

யார் நமக்குப் போடுவார், யார் போடமாட்டார் என்று வீடு வீடாகக் குறித்துவைத்த பட்டியல் கட்சியுடையது. அதை எடுத்துப் பயன்படுத்திய கைக்குச் சிறை. சேர்த்துவைத்த கட்சிக்கு ஒன்றுமில்லை.

ஆவடி பருத்திப்பட்டில் இருந்துகொண்டு கனடாவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்தத் தரவுத்தளத்தின் சின்ன வடிவம் இங்கே ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. பூத் கமிட்டிக்காரர் கையிலிருக்கும் வாக்காளர் பட்டியல் நகலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாகம் எண், வரிசை எண், பெயர், கணவர் பெயர், கதவு எண். ஓரத்தில் பேனாவால் ஒரு டிக், ஒரு பெருக்கல் குறி, சில இடங்களில் கேள்விக்குறி. ஓட்டுக்குத் தரும் பணக் கவர் எத்தனை வேண்டும் என்ற கணக்கு அந்த ஓரத்திலிருந்துதான் மேலே போகிறது. ஏரிக்குப் பின்புறம் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அம்மா ஒருவரிடம், வாங்காமல் இருந்தால் என்ன என்று கேட்டோம். "துட்டு வாங்கலைன்னா நம்ம பேருக்கு நேரா கோடு போட்டுடுவாங்க சார். நாளைக்கு விதவை பென்ஷனுக்கு யார் மூஞ்சில போய் நிக்கிறது?" என்றார். காசுக்கு ஆசைப்பட்டு ஓட்டை விற்கிறார்கள் என்று பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். பணம் வாங்குவது ஒரு வருமானம் என்பதைவிட, பட்டியலில் தப்பான பக்கம் விழாமல் இருப்பதற்கான வழி. ஓட்டு ரகசியம், பணத்தை மறுப்பது ரகசியமில்லை. தெருவே பார்க்க மறுக்க வேண்டும்.

பட்டியலில் சில பெயர்கள் எவ்வளவு கனம் என்பது ஆவடிக்கு நன்றாகவே தெரியும். 2016 சட்டமன்றத் தேர்தலில் இந்தத் தொகுதியில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் 1,395 ஓட்டு. ஏறக்குறைய ஒரு வாக்குச்சாவடி.

பணப் பட்டுவாடாவுக்குத் தமிழ்நாட்டில் இதுவரை கிடைத்த பெரிய தண்டனை, தேர்தலையே நிறுத்துவது. 2016 மே மாதம் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் நிறுத்தினார்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர். 2019 ஏப்ரல் 16 அன்று, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வேலூர் மக்களவைத் தேர்தல். காட்பாடிப் பக்கம் ஒரு சிமென்ட் குடோனில் கட்டுக்கட்டாக 11 கோடி ரூபாய்க்கு மேல் வருமான வரித்துறை பிடித்ததை அடுத்து அது ரத்தானது. நாடு முழுக்கப் பேசினார்கள். பிறகு நடந்ததை அவ்வளவாகப் பேசவில்லை. அரவக்குறிச்சி, தஞ்சாவூரில் நவம்பரில் மறுபடி தேர்தல் வைத்தபோது, மே மாதத்தில் நின்ற முக்கிய வேட்பாளர்களே திரும்ப நின்றார்கள். வேலூரிலும் ஆகஸ்டில் அதே இருவர். யாருக்கும் தடையில்லை. தொகுதி மக்களுக்கு மட்டும் சில மாதம் பிரதிநிதி இல்லை.

ஆர்.கே. நகர் இன்னும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். ஜெயலலிதா மறைவுக்குப் பிறகான இடைத்தேர்தல். ஏப்ரல் 7 அன்று அப்போதைய சுகாதார அமைச்சர் வீட்டில் சோதனை நடந்தது. 89 கோடி ரூபாய் பட்டுவாடாவைக் காட்டுவதாகச் சொல்லப்பட்ட தாள்கள் வெளியே வந்தன. ஓட்டுக்கு 4,000 என்று கணக்கு. தாளில் வார்டும் தொகையும் பொறுப்பாளர்களும் இருந்ததாகச் செய்தி. தேர்தல் நின்றது. போலீஸ் ஒரு வழக்குப் பதிவு செய்தது. அதுவும் பின்னர் உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. டிசம்பரில் தேர்தல் வந்தது. இந்த முறை பேச்சு இருபது ரூபாய் நோட்டைப் பற்றி. நோட்டின் எண்தான் டோக்கன், ஜெயித்த பிறகு கொண்டுவந்தால் மீதிப் பணம் என்று குற்றச்சாட்டு. டி.டி.வி. தினகரன் குக்கர் சின்னத்தில் 40,000-க்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். 89 கோடிக்கு இன்றுவரை எந்த நீதிமன்றமும் யாரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை.

இது அதிகாரிகளின் சோம்பேறித்தனத்தால் மட்டும் ஆனதல்ல. சட்டமே அப்படித்தான் தைக்கப்பட்டிருக்கிறது. வாக்காளருக்கு லஞ்சம் கொடுப்பது அதிகபட்சம் ஓராண்டு தண்டனைக்குரிய குற்றம்; மாஜிஸ்திரேட் அனுமதியில்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாத வகையில் அதை வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவரும் குற்றவாளி, ஆகையால் சாட்சி சொல்ல யாரும் வரமாட்டார். வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்ய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. பணத்துக்கும் அப்படியொன்று வேண்டும் என்று தேர்தல் ஆணையம் கேட்டபோது மத்திய அரசு மறுத்தது. கட்சியைப் பதிவிலிருந்து நீக்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் சொல்லிவிட்டது, மிக அரிதான சில காரணங்கள் தவிர. வேட்பாளரின் செலவுக்கு உச்சவரம்பு உண்டு, சட்டமன்றத்துக்கு 40 லட்சம். கட்சியின் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது.

இந்தக் கடைசி ஓட்டை எப்படி வந்தது என்பது ஆவடிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1955 ஜனவரியில் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று காங்கிரஸ் தீர்மானம் போட்டது இங்கேதான். அதே காங்கிரஸ், இருபது ஆண்டுக்குள், 1974-இல், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் வேட்பாளரின் கணக்கில்தான் சேரும் என்று அமர்நாத் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னவுடன், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் ஒரு விளக்கத்தைச் செருகி அந்தத் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கியது. பிறகு அதைத் திருத்தினார்கள், சுருக்கினார்கள். பையின் வாய் மட்டும் திறந்தபடியே இருக்கிறது. அதற்குப் பின் வந்த எந்தக் கட்சி அரசும் அதைக் கட்டவில்லை.

கனடாவை உத்தம நாடு என்று காட்டுவதற்காக இதை எழுதவில்லை. 2006 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி தலைமையகப் பணத்தை உள்ளூர் வேட்பாளர்களின் கணக்குக்குப் போட்டு, உடனே திரும்ப எடுத்து, தேசிய விளம்பரத்துக்குச் செலவழித்தது. தேசிய உச்சவரம்பைத் தாண்டாததுபோலக் காட்டத்தான் இந்த உள்ளே-வெளியே ஆட்டம். பத்து லட்சம் டாலருக்கும் மேல் இப்படிப் போய்வந்தது. 2011-இல் அபராதம் 52,000 டாலர். மேல்மட்ட ஆட்கள் நால்வர் மீதான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. தேநீர்ச் செலவு மாதிரி ஒரு தொகை. ஆனாலும் ஒரு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். கட்சிக்கு உச்சவரம்பு இருந்ததால்தான் அதை ஏமாற்ற வேண்டியிருந்தது. கட்சி என்ற அமைப்பே கூண்டில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2008-இல் கட்சித் தலைமையகத்துக்குள் புலனாய்வாளர்கள் புகுந்து பெட்டி பெட்டியாக ஆவணம் எடுத்தார்கள், அதுவும் அந்தக் கட்சி ஆட்சியில் இருக்கும்போதே. இங்கே ஆளுங்கட்சி அலுவலகத்தில் அப்படியொரு காட்சியைக் கற்பனை செய்யவே நம்மால் முடியவில்லை.

நிறுவனங்கள் கட்சிகளுக்குப் பணம் தருவதைக் கனடா 2007-இலிருந்து முழுக்கத் தடை செய்தது. நாம் 2018-இல் தேர்தல் பத்திரம் கொண்டுவந்தோம். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றபோது வெளிவந்த கணக்கில், அதிகம் வாங்கியது பா.ஜ.க., 6,000 கோடிக்கு மேல். அதிகம் கொடுத்தது கோவை லாட்டரித் தொழிலதிபர் மார்ட்டினின் நிறுவனம், 1,368 கோடி. அதில் 500 கோடிக்கு மேல் தி.மு.க.வுக்கு வந்தது. பத்திரமே வாங்கமாட்டோம் என்று சொல்லி வழக்கும் போட்டது மார்க்சிஸ்ட் கட்சி. கோடிகளுக்குப் பெயர் நன்கொடை. இஸ்திரி வண்டிக்கார அம்மாவின் இரண்டாயிரத்துக்குப் பெயர் லஞ்சம்.

இந்த இதழ் தேர்தலுக்குத் தேர்தல் வெளிவரும் 'ஓட்டை விற்காதீர்' ரகக் கட்டுரையை வெளியிடுவதில்லை. அது மேலே பார்க்க வேண்டிய கண்ணைக் கீழே திருப்புகிறது. கட்சியின் செலவுக்கு உச்சவரம்பு. மீறினால் கட்சியின் மீதே வழக்கு. நிறுத்தப்பட்ட தேர்தலில் யாருக்காகப் பணம் இறங்கியதோ அந்த வேட்பாளர் மறுதேர்தலில் நிற்கத் தடை. கட்சிகள் சேர்த்துவைக்கும் வாக்காளர் விவரங்களுக்கு ஒரு சட்டம். இந்த நான்கையும் எந்தக் கட்சி தன் அறிக்கையில் எழுதுகிறது என்றுதான் பார்க்கிறோம். கடைசியாகச் சொன்னதற்கு அவசரம் அதிகம். ஓரத்தில் பேனாவால் போட்ட டிக் இப்போது செல்பேசிச் செயலிக்குள் போய்விட்டது. தெருவில் ஒருவர் வைத்திருந்த நோட்டு கிழியும், தொலையும், அவர் கட்சி மாறினால் மதிப்பிழக்கும். செயலியில் ஏறியது தலைமையகத்தில் அழியாமல் கிடக்கிறது. குவெல்ஃபில் மணி அடிக்க அது ஒன்றே போதுமானதாக இருந்தது.