வெட்டிய பிறகுதான் வேலை

கலிபோர்னியக் கடலோரக் குடியிருப்புகளில் யூகலிப்டஸ் பேச்சை எடுத்தாலே ஊர் இரண்டுபடுகிறது. ஒரு தரப்பு ஒன்று விடாமல் வெட்டச் சொல்கிறது; இன்னொன்று கோடரியைக் கண்டாலே நீதிமன்றம் போகிறது. இருவருமே சாட்சிக்கு அழைப்பது 1991-ஆம் ஆண்டு ஓக்லாந்து குன்றுத் தீயை. 25 பேர் இறந்து, 3,000-க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் சாம்பலான தீ அது. நம் துறையினர் அதன் முன்கதையிலிருந்து படிக்க வேண்டும்.

1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிராங்க் ஹேவன்ஸ் என்ற நிலத் தொழிலதிபர் அந்தக் குன்றுகளில் தைலமரத்தைப் பெருமளவில் நட்டார். அறுத்த மரம் உலரும்போது முறுக்கிக்கொண்டு வெடித்தது. வியாபாரம் படுத்தது, தோப்பு நின்றது. வீடுகள் பிறகு தோப்புக்குள் புகுந்தன. 1972 டிசம்பர் உறைபனியில் மரங்கள் கருகின. செத்துவிட்டன என்று நம்பி ஏராளமாக வெட்டினார்கள். அடிமரங்களோ உயிரோடிருந்தன. ஒரு தண்டு நின்ற இடத்தில் ஐந்தாறு தண்டுகள் கிளம்பின.

நீலகிரியில் இதே மரத்தை விறகுக்கு மறுதாம்பு விட்டு வளர்த்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. அங்கே அது வருமானம். வீட்டு வேலியோரம் அதுவே எரிபொருள். இளந்தளிரின் எண்ணெய் செறிந்த இலை தரையோடு தரையாக நிற்கும். நாடா நாடாவாக உரியும் பட்டை கிளைக்கவட்டில் தொங்கும். கீழே சருகில் பிடித்த தீ அவற்றைப் பற்றி மேலேறுகிறது. எரியும் பட்டைத் துண்டைக் காற்று தூக்கிப்போய் அடுத்த தெருக் கூரையில் போடுகிறது. ஓக்லாந்தில் பல கூரைகள் மரஓட்டால் வேய்ந்தவை; அந்தப் பழியையும் மரத்தின் தலையில் போட்டுவிட முடியாது.

'எங்கள் தோப்பு எப்போதும் ஈரம்தானே' என்று கடலோரவாசிகள் சொல்வது பொய்யில்லை. கோடையில் கடல்மூட்டம் இலைகளில் படிந்து சொட்டும். ஆனால் இலையுதிர் காலத்தில் சில நாள் காற்று திசைமாறி உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி வறண்டு வீசும். 1991 அக்டோபர் 20 அப்படியொரு நாள். முந்தின நாள் அணைத்ததாகக் கருதிய சிறு தீயின் கங்கு அந்தக் காற்றில்தான் மறுபடி எழுந்தது. ஆண்டுச் சராசரி ஈரப்பதத்தை வைத்து அபாய வரைபடம் தயாரிக்கும் நண்பர்கள் அந்த நாலைந்து நாட்களைத் தனியே எடுத்துப் பார்க்கட்டும்.

அப்படியானால் வெட்டுவதா, விடுவதா? வீட்டைச் சுற்றி 100 அடிக்குச் சருகும் தாழ்கிளையும் அகற்றுவதைக் கலிபோர்னியச் சட்டமே கேட்கிறது. அதில் விவாதத்துக்கு இடமில்லை. அதற்கப்பால் உள்ள தோப்பில் ஒரே தடவையில் அடியோடு சாய்ப்பதைவிட, கலைத்து இடைவெளி விட்டு நிழலைக் காப்பதே நமக்குச் சரியாகப் படுகிறது. முழுவதும் வெட்டினால் வெயில் தரைக்கு இறங்கும்; மறுதளிரும் புல்லும் புதரும் போட்டிபோட்டு எழும். அடிமரத்தில் வெட்டிய கையோடு களைக்கொல்லி பூச வேண்டும். இல்லையேல் ஆண்டுதோறும் தளிரைக் கழிக்க வேண்டும். வழக்குகளின் முக்கியச் சண்டை இந்தக் களைக்கொல்லிமீதும் ஒட்டுமொத்த வெட்டுமீதும்தான். ஓக்லாந்து நகருக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் தீத்தடுப்புக்கென ஒதுக்கிய கூட்டாட்சி நிதி, வழக்கின் முடிவில் 2016-இல் கைவிட்டுப் போனது.

நாட்காட்டி வேறு தொல்லை. கடலோரத் தோப்புகள் பலவற்றில் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன; அவை போனதும் பறவைகளின் கூடுகட்டும் பருவம். மிஞ்சுவது கோடைக் கடைசி. அப்போது ரம்பப் பொறியே தீ வைத்துவிடும். ஆகவே எந்த ஊரிலும் இப்பணி ஒரே பருவத்தில் முடியாது. சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, காலை ஈரத்தில், தண்ணீர் வண்டியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய்ய வேண்டியது.

திட்ட மதிப்பீட்டில் மரம் சாய்க்கும் கூலி மட்டும் எழுதி, அடுத்த ஐந்து ஆண்டு மறுதளிர் கழிப்புக்கு ஒரு காசும் ஒதுக்காத கோப்பு மேசைக்கு வந்தால், கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புங்கள்.