காதுக்கு வாங்கும் கணினி



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பள்ளித் தோட்டத்தில் கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொண்டிருந்தேன். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் ஒரு தாய் வந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த காகிதத்தை என்னிடம் நீட்டினார். அதில் கணினிகளின் பெயர்களும் விலைகளும் எழுதியிருந்தன.

"சார், சீட்டு எடுத்திருக்கேன். தம்பிக்குப் பாட்டு போட கம்ப்யூட்டர் வேணுமாம். டவுன்ல இருக்கிற எங்கண்ணன் மகன் ஆப்பிள்தான் நல்லதுங்கிறான். பக்கத்து லயத்துப் பையன் எதுக்கு அவ்வளவு காசு, சும்மா கெடைக்கிற லினக்ஸ் போதும்கிறான். நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

அவர் 'தம்பி' என்று சொன்ன மகன் என் பழைய மாணவன். மூன்றாம் ஆண்டு வரை என் வகுப்பில் படித்தவன். ஒன்பது வயதில் நோயால் பார்வையை இழந்தான். இப்போது அவனுக்கு வயது பத்தொன்பது. கோயில் திருவிழாக்களில் கீபோர்டு வாசிக்கிறான். சொந்தமாக மெட்டமைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவன் ஆசை.

அந்தத் தாய்க்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே பிள்ளைக்கு ஒரு பழைய கணினியைத் தேடிப் பிடித்து, இசைப்பதிவு மென்பொருள் ஒன்றையும் ஏற்றிக் கொடுத்தவன் நான். திரையில் வண்ண வண்ணமாகப் பொத்தான்கள். பார்க்க அழகு! ஆனால் பையன் விசையைத் தட்டினால், கணினி "பொத்தான், பொத்தான்" என்று மட்டும் சொன்னது. எந்தப் பொத்தான் என்று சொல்லவில்லை. அவன் என் மனம் நோகக் கூடாதென்று நன்றி கூறி வாங்கிச் சென்றான். அவனுடைய தங்கை ஒவ்வொரு மாலையும் அருகில் அமர்ந்து திரையைப் படித்துச் சொன்னாள் என்பதும், அதனால் அவளுடைய வீட்டுப்பாடம் தேங்கியது என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. என் கண்ணுக்கு வாங்கியதை அவன் காதுக்குக் கொடுத்திருக்கிறேன்!

ஆகவே இம்முறை அவனையே அழைத்து உட்கார வைத்துக் கேட்டேன். நாங்கள் இருவரும் விசாரித்து அறிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளை உங்கள் தோட்டத்திலும் இருக்கலாம்.

முதலில், இயங்குதளம் என்பது என்ன? கணினிக்குள் இருக்கும் கருவிகளுக்கும் நமக்கும் நடுவில் நின்று வேலை வாங்கும் மண்டோர் என்று வைத்துக் கொள்ளுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றும் அத்தகைய மண்டோர்கள்தாம். பார்வையற்றவருக்கு இதனோடு இன்னொன்றும் தேவை. அதுதான் திரைவாசிப்பான். திரையில் உள்ளதைக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருள் அது. மண்டோரும் திரைவாசிப்பானும் இசை மென்பொருளும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போனால்தான் வேலை நடக்கும். ஒன்று முரண்டு பிடித்தாலும் மற்ற இரண்டும் வீண்.

மேக் கணினியில் வாய்ஸ்ஓவர் என்னும் திரைவாசிப்பான் 2005ஆம் ஆண்டு முதல் உள்ளேயே அமைந்து வருகிறது. தனியாக வாங்க வேண்டியதில்லை. கராஜ்பேண்ட் என்ற இசை மென்பொருளும் இலவசம். அதற்கு மூத்த அண்ணனான லாஜிக் மென்பொருளைப் பார்வையற்ற இசைக்கலைஞர்கள் பலர் கையாளுகிறார்கள். லாஜிக் முன்பு விண்டோஸிலும் இருந்தது. 2002ல் ஆப்பிள் நிறுவனம் அதை வாங்கிய பின் மேக்கிற்கு மட்டும் என்றாகிவிட்டது. மேக் நல்ல பொருள் என்பதில் ஐயமில்லை. ஆனால் விலை அதிகம். இன்றைய மேக் மடிக்கணினிகளில் நினைவகத்தைப் பிறகு கூட்டவும் முடியாது. வாங்கும்போதே போதிய அளவு வாங்க வேண்டும்.

லினக்ஸ் இலவசம். ஓர்க்கா என்ற திரைவாசிப்பான் அதற்கும் உண்டு. சாதாரண எழுத்து வேலைக்கு அது உதவும். ஆனால் பெயர் பெற்ற இசைக்கருவி மென்பொருள்கள் பல, விண்டோஸுக்கும் மேக்கிற்கும் மட்டுமே செய்யப்படுகின்றன. கோளாறு வந்தால் சரி செய்யவும் கை பழகியவர் வேண்டும். எங்கள் தோட்டத்தில் அப்படி ஒருவர் இல்லை.

மூன்றாவது விண்டோஸ். இதில் எனக்குத் தெரியாமல் இருந்த ஒரு கதையைப் பையனே சொன்னான். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் தே என்று இருவர். இருவரும் பார்வையற்றவர்கள். பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாம் ஒன்றில் சிறு வயதில் நண்பர்களானவர்கள். திரைவாசிப்பான்கள் ஏழைகளால் வாங்க முடியாத விலையில் இருந்த காலத்தில், 2006ல் கரன் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். தேயும் உடன் சேர்ந்தார். இன்றும் அது இலவசம். அதனுடன் வரும் குரல் தமிழும் படிக்கும். கொஞ்சம் இயந்திரக் குரல்தான், ஆனால் புரியும்.

ரீப்பர் என்றோர் இசைப்பதிவு மென்பொருள் உண்டு. 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்த பிறகு வாங்கலாம். தனிமனிதருக்கு 60 அமெரிக்க டாலர். அந்த ரீப்பரில் உள்ளதைத் திரைவாசிப்பான் தெளிவாகச் சொல்லுவதற்கு ஓசாரா என்ற இலவச இணைப்பு இருக்கிறது. அதைத் தொடங்கியவரும் அதே ஜேம்ஸ் தேதான். ஓசாரா விண்டோஸிலும் மேக்கிலும் இயங்கும். லினக்ஸில் ரீப்பர் உண்டு, ஓசாரா இல்லை. இந்த ஒன்றே எங்களுக்கு வழியைப் பாதி காட்டிவிட்டது.

இனி, தாமதம் பற்றி ஒரு சொல். கீபோர்டில் கட்டையை அழுத்தியவுடன் காதில் ஒலி கேட்க வேண்டும். பிந்தினால் தாளம் தவறும். கணினி ஒலியைச் சிறு சிறு மூட்டைகளாகக் கட்டி அனுப்புகிறது. நொடிக்கு 48,000 துளிகள் என்ற கணக்கில், 256 துளி கொண்ட மூட்டைக்கு ஏறத்தாழ 5 மில்லிநொடி ஆகும். 1,024 துளி என்றால் 21 மில்லிநொடி. மேக்கில் இதற்கான ஏற்பாடு உள்ளேயே நன்றாக அமைந்திருக்கிறது. விண்டோஸில் ஏசியோ என்ற இயக்கியோடு வரும் தனி ஒலிப்பெட்டி ஒன்றை இணைப்பது நல்லது. அந்தப் பெட்டியில் கையால் திருகும் குமிழ்கள் இருக்கட்டும். எல்லாவற்றையும் திரையிலேயே மாற்ற வேண்டிய பெட்டி நம் பிள்ளைக்கு ஆகாது. திரைவாசிப்பானின் குரல் கணினியின் சொந்த ஒலிபெருக்கியிலும், இசை அந்தப் பெட்டியிலும் வரும்படி பிரித்துவிட்டால் ஒன்றையொன்று அமுக்காது.

இவ்வளவும் தெரிந்த பிறகு மூவரும் பட்டணத்துக் கடைக்குப் போனோம். என்விடிஏயையும் ரீப்பரையும் ஓசாராவையும் ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனான் பையன். கடைக்காரரின் அனுமதியோடு அதைச் செருகி, அரை மணி நேரம் தட்டிப் பார்த்தான். மேக்கிலும் கமாண்ட், எஃப்5 விசைகளைச் சேர்த்து அழுத்தி வாய்ஸ்ஓவரைப் பேச வைத்தான். இரண்டும் பேசின. ஆனால் தாயின் சீட்டுப் பணம் ஒன்றுக்குத்தான் எட்டியது. 16 ஜிகாபைட் நினைவகம் உள்ள விண்டோஸ் 11 கணினியை எடுத்தோம். மலிவாகக் கிடைக்கிறதே என்று விண்டோஸ் 10க்கு மேல் போக முடியாத பழைய கணினியை வாங்கிவிடாதீர்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது.

கடை வாசலில் அவனைக் கேட்டேன், "ஆப்பிள் வாங்க முடியலையேன்னு வருத்தமா தம்பி?"

"இல்ல சார். தங்கச்சியக் கூப்பிடாம நானே ஒரு பாட்டை முடிக்கணும். அது இதுல முடியும்."

பெற்றோர்களே, எது சிறந்த கணினி என்று ஊரைக் கேட்டால் ஊருக்கு ஒரு பதில் வரும். பயன்படுத்தப் போகிறவரைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். வாங்கும் முன்னே அவர் கையாலேயே தட்டிப் பார்க்கட்டும். வசதியுள்ளவர்கள் மேக் வாங்கலாம், தவறில்லை. வசதி குறைந்தவர்கள் மனம் தளர வேண்டியதும் இல்லை. பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்று எண்ணி அவனைக் கேளாமலே முடிவு செய்யும் தவற்றை மட்டும் செய்யாதீர்கள். அந்தத் தவற்றை உங்களுக்காக நான் ஏற்கெனவே செய்துவிட்டேன்.

நேற்று மாலை அவர்கள் லயத்துப் பக்கம் போனேன். உள்ளே உறுமி ஒலியின் மேல் கீபோர்டு ஒலி ஏறிக் கொண்டிருந்தது. தங்கை வாசற்படியில் அமர்ந்து கணக்குப் போட்டுக் கொண்டிருந்தாள். "அண்ணன் கூப்பிடலையா?" என்றேன்.

"இப்பல்லாம் கூப்பிடுறதே இல்ல சார்," என்றாள், சற்றே குறைபட்டது போல. மறுகணம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.