வாசிக்காமல் ஏற்றிய விதிகள்

எங்கள் ஆய்வகத்தில் உணரிகளின் தரவைப் பெறும் சேவையை எஸ்இலினக்ஸ் தடுத்தது. பதிவான மறுப்புகளையெல்லாம் ஆடிட்-டு-அலவ் கருவியில் கொட்டி, அது தந்த விதிகளை வாசிக்காமலே ஏற்றினோம். சேவை ஓடியது, கைதட்டினோம். அவ்விதிகளுள் ஒன்று, பயனர்களின் எஸ்எஸ்எச் சாவிகளைப் படிக்கும் உரிமை!

இதைப் பாதுகாப்புக் கொள்கை என்பது வெட்கக்கேடு. நிரல் எதைக் கேட்டது என்பதையே அக்கருவி அறியும். கேட்கத் தகுமா என்பதை அறியாது. கோப்பின் லேபிள் பிறழ்ந்திருந்தால் விதியே வேண்டா, ரெஸ்டோர்கான் போதும். போர்ட் புதிதென்றால் செமானேஜ். எஞ்சியவற்றுக்கே விதி, அதுவும் அச்சேவையின் டொமைனை மட்டும் பெர்மிசிவ் நிலையில் வைத்து, மறுப்புகளை ஒவ்வொன்றாக வாசித்த பின்னரே. இரண்டு நாள் பிடிக்கும். நேரமில்லை என்பவர்கள், தரவை வாசிக்காமல் முடிவெழுதும் மாணவரை மட்டும் ஏன் கடிந்துகொள்கிறார்கள்?

சாவி விதியை நேற்று நீக்கினேன். சேவை குறையின்றி ஓடுகிறது. மறுப்பு மட்டும் இன்னமும் பதிவாகிறது. நிரலின் எந்த வரி அதைக் கேட்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.