தள்ளிவிட்ட ஆடு

கெடாவில் ஆடு வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “ஆடு ஒரு மாதிரியா இருக்குண்ணே, வர்ற விலைக்குத் தள்ளிவிட்டுடலாம்.”

சொல்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்த பிறகும் நம்மில் பலருக்கு ஆடு என்பது வங்கிக் கணக்கு மாதிரி. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கல்யாணம், திடீர் மருத்துவச் செலவு என்று எது வந்தாலும் ஒரு கிடாவைப் பிடித்துக் கொடுத்துச் சமாளித்தவர்கள் ஏராளம். அந்தக் கிடா மூக்கொழுக, தலை தொங்கி நிற்கும்போது, செத்துப்போவதற்குள் பாதிப் பணமாவது கையில் வரட்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் ஆட்டு நோய்கள் ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் இப்படித்தான். வைரசுக்குச் சொந்தமாகக் கால் கிடையாது. நாம் தள்ளிவிடும் ஆட்டின் நான்கு காலில்தான் அது நடக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள நம் தாத்தா பாட்டிகளில் பலர் கப்பலேறி வந்த தென்னார்க்காட்டுக்குப் போக வேண்டும். அங்கே, இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், அரசூர் என்றொரு கிராமம். 1987இல் அந்த ஊர்ச் செம்மறி ஆடுகளுக்கு ஒரு நோய் வந்தது. கடும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சளி, வாய்க்குள் புண், கழிச்சல், பிறகு மூச்சுத் திணறல் என்று வரிசையாகத் தாக்கும் நோய் அது. இப்படி வந்தால், மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய்தான் ஆட்டுக்கும் தொற்றிவிட்டது என்று அதுவரை நினைப்பார்கள். இரண்டின் அறிகுறிகளும் அவ்வளவு ஒத்துப்போகும்.

ஆய்வகத்தில் சோதித்தபோது உண்மை வெளியே வந்தது. 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ‘பிபிஆர்’ என்ற நோய் அது. வெக்கை நோய்க்கும், நம் பிள்ளைகளுக்கு வரும் தட்டம்மைக்கும் பங்காளி முறையான வைரஸ். இந்தியாவில் அது முதலில் உறுதிசெய்யப்பட்ட இடம் அரசூர். தமிழ்நாட்டில் அதற்கு வைத்த பெயரே அதன் குணத்தைச் சொல்லிவிடும்: ஆட்டுக்கொல்லி நோய். முன்பு இந்த நோயையே பார்த்திராத மந்தையில் புகுந்தால், பத்தில் ஒன்பது ஆடுகள் வரைகூடச் சாகலாம்.

முதலில் தென்னிந்தியாவில் மட்டுமே பதிவான இந்த நோய் 1994இல் வட இந்தியாவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. இத்தனைக்கும் இந்த வைரஸ் வெளியில் அதிக நேரம் தாங்காது. வெயில் பட்டாலோ, சோப்பு நீர் பட்டாலோ செத்துவிடும். ஓர் ஆட்டின் மூச்சும் சளியும் அடுத்த ஆட்டின் மேல் பட வேண்டும். அதற்கு இரண்டும் ஒரே கொட்டகையில், ஒரே லாரியில், ஒரே சந்தையில் நிற்க வேண்டும். அந்த இடங்களுக்கு ஆட்டைக் கொண்டுபோய் நிறுத்துவது மனிதர்கள்தான்.

இதே அரசூரிலிருந்துதான் மருந்தும் வந்தது. அங்கே எடுத்த வைரசை வீரியம் குறைத்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தினர் தடுப்பூசி செய்தார்கள். அதன் பெயர் ‘அரசூர் 87’. ஒரு முறை போட்டால் குறைந்தது மூன்று ஆண்டுக்குப் பாதுகாப்பு. ஆட்டைப் பறிகொடுத்த ஒரு கிராமத்தின் பெயரை இன்று தடுப்பூசி சுமந்துகொண்டிருக்கிறது. நோயை மறைத்து, ஆடுகளை இரவோடு இரவாக விற்றிருந்தால் சோதிக்க மாதிரியும் கிடைத்திருக்காது, ஊசியும் வந்திருக்காது.

மாடுகளின் வெக்கை நோய் 2011இல் உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அது. அடுத்து ஆட்டுக்கொல்லியை 2030க்குள் ஒழிப்பது என்று உலக நாடுகள் இலக்கு வைத்திருக்கின்றன. ஆனால் 2024 ஜூலையில் கிரீசிலும் ருமேனியாவிலும் அது புகுந்தது. கிரீஸ் அரசு நாடு முழுவதும் ஆடுகளை இடம் மாற்றவே தடை போட்டது. பணக்கார நாடோ, ஏழை நாடோ, முதல் மருந்து அதுதான்: ஆடு நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவில் நமக்குப் பழக்கமான கால்நடை வைரஸ் நோய் கோமாரி. மலாயில் ‘குக்கு டான் மூலுட்’ என்பார்கள். மாட்டுக்கு வந்தால் எச்சில் ஒழுகும், நொண்டும், பால் வற்றும், யாருக்கும் தெரிந்துவிடும். ஆட்டுக்கு வந்தால் பல நேரம் இரண்டு நாள் லேசாக நொண்டும், ஈறில் சின்னப் புண் இருக்கும், அவ்வளவுதான். கல் குத்தியிருக்கும் என்று விட்டுவிடுவோம். அந்த ஆடு பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகை வரை போய்வந்த பிறகுதான் விஷயம் வெடிக்கும்.

சபாவும் சரவாக்கும் கோமாரி இல்லாத பகுதிகள் என்று உலக அளவில் அங்கீகாரம் பெற்றவை. நடுவில் கடல் இருப்பதால் ஆடு மாடுகள் அங்கே நடந்து போக முடியாது. கெடாவுக்கோ வடக்கே தரை எல்லை. புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து பாலிங் வரை அந்தப் பக்கம் தாய்லாந்து. சோதனை இல்லாமல், பத்திரம் இல்லாமல், ‘மலிவா வந்திருக்கு’ என்று கைமாறும் ஒவ்வோர் ஆட்டோடும் என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

முனீஸ்வரர் படையலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் இந்த ஆபத்து கூடுகிறது. பீடோங்கிலிருந்து நான்கு, கூலிமிலிருந்து ஆறு, பாடாங் செராயிலிருந்து மூன்று என்று பல இடத்து ஆடுகள் ஒரே இடத்தில் கட்டப்படும். விற்றது போக மிஞ்சியவை வீடு திரும்பும். வெட்டப்பட்ட ஆட்டைவிட, திரும்பிப் போன ஆட்டின் மேல்தான் கண் வேண்டும்.

குடும்பங்களில் உடனே எழும் கேள்வி, “நமக்கு ஒட்டுமா?” என்பது. ஆட்டுக்கொல்லி மனிதருக்கு வராது. பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் கை, கால், வாய் நோய் வேறு வைரஸ். அதற்கும் கோமாரிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஆட்டின் உதட்டில் கொப்புளமாக வரும் ‘ஆர்ஃப்’, ஆட்டைத் தொட்டுப் புழங்குகிறவர் கையில் புண்ணாக வரக்கூடும். கையுறை போடுங்கள். நோய்ப்பட்ட எந்த ஆட்டையும் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

வளர்ப்பவர்கள் செய்ய வேண்டியவை அதிகச் செலவில்லாதவை. புதிதாக வாங்கிய ஆட்டையும், சந்தைக்குப் போய்த் திரும்பிய ஆட்டையும் 21 நாள் தனியாகக் கட்டுங்கள். தண்ணீர் வாளியும் தனியாக இருக்கட்டும். மற்ற ஆடுகளுக்குத் தீனி வைத்த பிறகு கடைசியாக அங்கே போங்கள். வெளியே வந்ததும் காலணியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரண்டு மூன்று ஆடுகள் ஒரே நேரத்தில் சுணங்கினால், வியாபாரியைக் கூப்பிடுவதற்கு முன் மாவட்டக் கால்நடை சேவை இலாகாவைக் கூப்பிடுங்கள்.

இலாகாவிடம் சொன்னால் ஆடுகளை வெளியே விட முடியாது, விற்பனை நின்றுபோகும் என்ற பயம் நியாயமானது. அதைவிடப் பெரிய பயம், “அவன் வீட்டு ஆடு சீக்காளி ஆடு” என்று ஊரே பேசும் என்பது. இதைச் சரிசெய்வது ஆடு வளர்க்காத மற்றவர்களின் கையில் இருக்கிறது. நோயைச் சொன்னவரை நாம் ஒதுக்கிவைத்தால், அடுத்த முறை ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அவர் தன் பத்து ஆட்டை இழந்தாலும் தாமானில் மற்றவர்களின் நூறு ஆட்டைக் காப்பாற்றியிருக்கிறார். கோயில் நிர்வாகம் அடுத்த ஆண்டுப் படையலுக்கு அவரிடமே கிடா வாங்கலாமே. அவர் வீட்டுப் பிள்ளையின் கட்டணத்துக்கு நாலு பேர் கை கொடுக்கலாமே.

ஆடு வாங்கப் போகிறவர்களும் விலை பேசுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: “அண்ணே, இது எங்கிருந்து வந்தது? எத்தனை நாளா உங்ககிட்ட நிக்குது?” நேராகப் பதில் சொல்பவரிடம் ஐம்பது வெள்ளி கூடக் கொடுத்து வாங்கலாம். பதில் மழுப்பலாக வந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் கயிற்றை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.